முதல் பெஞ்சுத் தண்ணீர்

அத்தியாயம் 5

"ஆர்சனிக், பாஸ், ஆர்சனிக்!"

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் வரவேற்பறையில் உட்கார்ந்து ரேடியோ இதைச் சொல்வது ஏழாவது தடவை. அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

"எட்டு வருஷமா உங்ககூட அலையறேன். காணாமப்போன நாய், காணாமப்போன சைக்கிள், காணாமப்போன வீட்டுக்காரர். அதுல நாய் மட்டும்தான் திரும்பி வர சம்மதிச்சுது. முதல் தடவையா ஒழுங்கா ஒரு விஷக் கேஸ்! எனக்குப் புல்லரிக்குது."

"மெதுவா புல்லரி. உன் பக்கத்துல இருக்கறவங்க தண்ணி பாட்டிலைக் கீழ வெச்சுட்டாங்க பாரு" என்றாள் எக்ஸ்ரே.

இந்தத் துப்பறியும் ஜோடியின் நிஜப் பெயர்கள் இவர்களுக்கே மறந்து வருகின்றன. அவள் இருபது வருடம் காப்பீட்டுக் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்தவள். எதிரே இருப்பவரை இரண்டு தடவை பார்த்தால் போதும், எலும்பு வரை தெரிந்துவிடும். அவன் பழைய பஸ் கண்டக்டர். பஸ்ஸுக்காவது நிறுத்தங்கள் இருந்தன, அவன் வாய்க்கு இல்லை.

கேஸ் இதுதான். ஒரு தலைமை ஆசிரியை நேற்று வந்தார். மூன்று வீடு தள்ளியிருக்கும் அவருடைய தங்கைக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுக்கட்டி. அறுவை சிகிச்சை முடிந்து நாளைக்கு வீட்டுக்கு வருகிறாள். இரண்டு சின்னக் குழந்தைகள் வேறு. டாக்டர் போகிற போக்கில் "என்ன தண்ணி குடிக்கறீங்க?" என்று கேட்டு, அந்த வீட்டுக் குழாயிலிருந்து ஒரு பாட்டிலைச் சோதனைக்கு அனுப்பினார். ஆர்சனிக் லிட்டருக்கு அறுபத்திரண்டு மைக்ரோகிராம்! எல்லை வெறும் பத்து.

ஆனால் அதே தெருத் தண்ணீரைத் தண்ணீர் வாரியம் மாதாமாதம் சோதிக்கிறது. ஆறு வருடமாக ஒரு துளி ஆர்சனிக் இல்லை. ஒரே குழாய், ஒரே தெரு, ஒரு வீட்டில் மட்டும் விஷம். தலைமை ஆசிரியை கணக்குப் போட்டுவிட்டார். தங்கையின் கணவர் பெயிண்ட் கடைக்காரர், கடை முழுக்க ரசாயன டப்பாக்கள். "எங்க மாப்பிள்ளைதான் கொஞ்சம் கொஞ்சமா விஷம் வைக்கிறார். கையும் களவுமா பிடிச்சுக் குடுங்க" என்று மேஜையைத் தட்டிவிட்டுப் போனார்.

இன்னொரு அவசரமும் இருந்தது. இன்று மாலை நான்கு மணிக்கு வாரியக் கூட்டம். ஆறு வருடமாகத் தெருவுக்கு ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர்தான். பழைய ஆற்றுக் குழாய் சும்மா மண்ணுக்குள் கிடக்கிறது. ரிப்போர்ட் சுத்தமாக இருப்பதால் அதைத் தோண்டி எடுத்துவிட்டு, கிணற்றையே நிரந்தரமாக்கக் கையெழுத்துப் போடப் போகிறார்கள். போட்டுவிட்டால் அந்தக் குழந்தைகளுக்கு வேறு தண்ணீர் கிடையாது.

பரிசோதனை செய்யும் அம்மாள் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, கண்ணாடி நுனியில் எரிச்சல்.

"உங்க ஆளு கத்தறது உள்ள வரைக்கும் கேக்குது. தம்பி, ஆர்சனிக்குக்கு ஆள் வேணாம். ஆழமா துளை போட்டா சில பாறையிலேர்ந்து தானா கரைஞ்சு வரும். நிறம் இல்ல, வாசனை இல்ல, ருசி இல்ல."

"கொதிக்க வெச்சா செத்துடாது?"

"சாகறதுக்கு அது கிருமியா? தண்ணிதான் வத்தும், அது அங்கயேதான் இருக்கும்."

"குடிச்சா நுரை தள்ளி விழுந்துடுவாங்களா?" என்றான் ரேடியோ, கொஞ்சம் ஆசையாக.

"இந்த அளவுக்கு அப்படியெல்லாம் விழ மாட்டாங்க. இது வருஷக்கணக்கு. தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை, இதுலெல்லாம் புற்றுநோய் வர்ற வாய்ப்பை ஏத்திக்கிட்டே போகும். ஒருத்தரைக் காட்டி, இவங்களுக்கு இதனாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. அதுக்காகத் தெரிஞ்சே குடிக்கச் சொல்லவும் முடியாது."

ரேடியோவின் முகம் தொங்கியது. "அப்ப கொலைகாரன் பாறையா? பாறைக்கு எப்படி பாஸ் விலங்கு மாட்டறது?"

எக்ஸ்ரே எழுபத்திரண்டு மாத ரிப்போர்ட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றிலும் தலைப்பில் 'மாதிரி எடுத்த இடம்: புள்ளி பதினான்கு'. எல்லோரும் பார்க்கும் ஆர்சனிக் வரியை விட்டுவிட்டு, யாரும் பார்க்காத கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"கடினத்தன்மை பதினெட்டுன்னு போட்டிருக்கே. அப்படின்னா?"

"உப்பே இல்லாத தண்ணி. சோப்பு போட்டா முழங்கை வரைக்கும் நுரை வரும். மழைத்தண்ணி மாதிரி."

"கிணத்துத் தண்ணியா இது?"

அந்த அம்மாள் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு அந்த வரியை மறுபடி படித்தார். "அது ஆபத்துப் பட்டியல்ல இல்ல. பாஸ் பண்ணின பேப்பரை யார் திரும்பத் திருத்துவா?"

"புள்ளி பதினாலு யார் வீடு?"

"எங்களுக்கே தெரியாது. வெறும் எண்தான் வரும். மாதிரி எடுக்கறவருக்கும் அந்த வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். யாரும் கலப்படம் பண்ணிடக் கூடாதுன்னு அப்படி ஒரு ரகசியம்."

எக்ஸ்ரே எழுந்தாள். "ரேடியோ, போய் அஞ்சு சோப்பு வாங்கிட்டு வா."

"பாஸ், நான் குளிச்சுட்டுத்தான் வந்தேன்!"

*

பெயிண்ட் கடைக்காரர் கொலைகாரர் போல இல்லை. இரண்டு வாரமாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கிற மனிதர் போல இருந்தார். ஒரு காலில் செருப்பும் இன்னொரு காலில் ஷூவும் போட்டிருந்தார்.

"அக்கா என்னைச் சந்தேகப்படறாங்கன்னு தெரியும். ரெண்டு வாரமா என்கூடப் பேசறதில்ல. வீட்டுக்குள்ள வந்து தாராளமா பாருங்க. எதை வேணா பாருங்க. அவ நாளைக்கு வர்றா. எந்தத் தண்ணியக் குடுக்கறதுன்னு மட்டும் யாராவது சொல்லிட்டுப் போங்க."

எக்ஸ்ரே சமையலறைக்குப் போய்க் கெட்டிலைத் திறந்து பார்த்தாள். உள்ளே சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை. குழாய் வாயைச் சுற்றியும் வெள்ளைப் பொருக்கு. சோப்பைப் போட்டுக் கையைத் தேய்த்தாள். தேய்த்தாள், தேய்த்தாள், நுரை வந்தபாடில்லை. கை பிசுபிசுத்ததுதான் மிச்சம்.

"சரி" என்றாள். "மத்த வீடுங்க."

அடுத்த முக்கால் மணி நேரம் அந்தத் தெரு பட்ட பாட்டை என்னவென்று சொல்வது! ரேடியோ ஒரு நொடியில் சோப்புக் கம்பெனி ஆளாகிவிட்டான்.

"அம்மா வணக்கம்! புது சோப்பு! உங்க குழாயில கை கழுவிக் காட்டினா ஒண்ணு இலவசம்! நுரை வந்தா சிரிங்க, வராட்டி திட்டுங்க!"

திட்டினார்கள். முதல் வீட்டில் நுரை இல்லை. இரண்டாவது வீட்டில் ஒருவர் தோள் வலிக்கத் தேய்த்துவிட்டு, "இது சோப்பா செங்கல்லா?" என்றார். மூன்றாவது வீட்டம்மா, "இந்தத் தெருவுல எந்த சோப்பும் நுரைக்காது, கிணத்துத் தண்ணி வந்ததுலேர்ந்து இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, இலவசம் என்றதும் இரண்டாக எடுத்துக்கொண்டார். நான்காவது வீட்டு நாய் சோப்பை முகர்ந்து பார்த்துவிட்டு ரேடியோவைத் துரத்தியது.

மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். "தெரு முழுக்க ஒரே தண்ணிதான் பாஸ்."

"ஆமா. தங்கச்சி வீடு மட்டும் தனியா இல்ல. தனியா இருக்கறது புள்ளி பதினாலு. விஷத்தை யாரும் உள்ள வைக்கல ரேடியோ, யாரோ வெளிய எடுத்திருக்காங்க. எடுத்துட்டு ரிப்போர்ட் வாங்கியிருக்காங்க."

"அப்ப பெயிண்ட் கடைக்காரர்?"

"அவரைப் போய் முதல்ல ரெண்டு கால்லயும் ஒரே செருப்பு போடச் சொல்லு."

*

மாதிரி எடுப்பவரை இரண்டு தெரு தள்ளி ஒரு பூங்கா வாசலில் பிடித்தார்கள். ஸ்கூட்டரின் பின்னால் ஐஸ் பெட்டி, மடிப்புக் கலையாத சட்டை. அவரும் அப்படியே மடிப்புக் கலையாத மனிதர்.

"குழாயை அஞ்சு நிமிஷம் திறந்து விடுவேன். கடிகாரத்தைப் பாத்துதான். அப்புறம்தான் பிடிப்பேன். நானே மூடி, நானே சீல் வெச்சு, நேரா கூடம். இருபத்தாறு வருஷ சர்வீஸ். மாசத்தோட முதல் செவ்வாய், காலையில பத்து மணி. ஒரு நிமிஷம் முன்ன பின்ன போனதில்ல."

"எப்பவும் முதல் செவ்வாயா?" என்றாள் எக்ஸ்ரே.

"ஒழுங்குன்னா ஒழுங்குதான்."

"அந்த வீடு எது?"

"மன்னிக்கணும். தலையை எடுத்தாலும் சொல்ல மாட்டேன்."

எக்ஸ்ரே ரேடியோவைப் பார்த்தாள். கண்டக்டராக இருந்தபோது அவன் யாரிடமும் டிக்கெட் எடுத்தாச்சா என்று கேட்டதில்லை. டிக்கெட் எடுக்காதவனைத் தானாகவே பேச வைப்பான்.

"விடுங்க பாஸ், பாவம் அவரு. அந்த வீட்டைப் பத்தித் தெருவே சொல்லுதே. மாசாமாசம் வேகாத வெயில்ல வர்ற மனுஷனுக்கு ஒரு வாய் டீ குடுக்க மாட்டாங்களாம். வாசல்லயே நிக்க வெச்சு..."

"யார் சொன்னது?" மாதிரி எடுப்பவர் பொங்கிவிட்டார். "எந்த நாக்கு சொன்னது? தலைமை டீச்சரம்மா மாதிரி ஒரு மனுஷி உண்டா? ஃபேனைப் போட்டு, பிஸ்கட் வெச்சு, குழாயைக் கூடத் துடைச்சுத் தயாரா..."

நிறுத்தினார். கொஞ்சம் தாமதமாகத்தான்.

ரேடியோவின் வாய் வாழ்க்கையில் முதல் தடவையாகத் திறந்தபடியே சத்தமில்லாமல் நின்றது. கேஸ் கொடுத்த தலைமை ஆசிரியை!

*

மணி இரண்டே முக்கால். தலைமை ஆசிரியையின் வீட்டில் செருப்புகள்கூட உயர வரிசையில் நின்றன. அவர் கூட்டத்துக்குக் கிளம்பப் புடவை மாற்றிக்கொண்டிருந்தார். அவருடைய வீட்டுக்காரர், எந்தப் பேச்சுக்கும் முதலில் மனைவி இருக்கும் அறையைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லும் சாது, கதவைத் திறந்தார்.

"கை கழுவிக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே எக்ஸ்ரே நேராகச் சமையலறைக்குப் போனாள். ரேடியோ கடைசி சோப்பை நீட்டினான்.

தேய்த்தாள். நுரை இல்லை! இன்னும் தேய்த்தாள். பிசுபிசுப்புதான்.

"போச்சு" என்று முனகினான் ரேடியோ. "சோப்பும் போச்சு, கேஸும் போச்சு. இங்கயும் அதே தண்ணிதான் பாஸ்."

எக்ஸ்ரே கையைத் துடைத்துக்கொண்டே சுவரைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் இருப்பது போலவே வீட்டுக்கும் ஒரு கால அட்டவணை. எழுந்திருக்கும் நேரம், சாப்பாட்டு நேரம், வீட்டுக்காரர் செய்தி பார்க்கும் நேரம், எல்லாம் கட்டம் கட்டி. பக்கத்தில் காலண்டர். அதில் முதல் செவ்வாய்க்குச் சிவப்பு வட்டம். அதற்கு முந்தைய ஞாயிறு, திங்கள் இரண்டிலும் அழகான கையெழுத்தில், 'குளியல் கிடையாது'.

"சார், எதுக்கு ரெண்டு நாள் குளிக்கக் கூடாது?"

வீட்டுக்காரர் அறைப் பக்கம் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. ஆறு வருடத்து ஆற்றாமை அணை உடைத்தது.

"அதை ஏன் கேக்கறீங்க! மாசாமாசம் ரெண்டு நாள் நாறிக்கிட்டு ஆபீஸ் போறேன். திங்கக்கிழமை ஆனா என் பக்கத்து சீட் காலி. குளியலறைக்கும் சமையலறைக்கும் சேர்த்து மேல ஒரு சின்னத் தொட்டி இருக்கு. ஞாயித்துக்கிழமை அதைக் காலி பண்ணிட்டு, அந்தா இருக்கே சுத்திகரிப்பு மிஷின், அதுலேர்ந்து குடம் குடமா பிடிச்சு ஏணியில ஏறி ஊத்துவேன். நிரம்பறதுக்கு ரெண்டு நாள் ஆகும். செவ்வாய்க்கிழமை அவரு வந்து பிடிச்சுக்கிட்டுப் போன பிறகுதான் எனக்குக் குளியல்."

"என்னங்க!"

தலைமை ஆசிரியை வாசலில் நின்றுகொண்டிருந்தார். ரேடியோவே ஒரு அடி பின்வாங்கினான்.

"இதுல என்ன இருக்கு?" என்றார் அவர் நிமிர்ந்து. "இன்ஸ்பெக்ஷன் வருதுன்னா நல்லாப் படிக்கிற பசங்களை முதல் பெஞ்சுல உக்கார வைக்கிறதில்லையா? அதுதான். முதல் தடவை அந்த மனுஷர் இடம் பாக்க மட்டும் வந்து, குழாய் வாயில வெள்ளைப் பொருக்கைப் பாத்து உச்சுக் கொட்டினார். 'உங்க வீட்டுது சரியில்லைங்க டீச்சர்'னார். என் வாழ்க்கையில நான் ஃபெயிலானதே இல்ல. அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கல எனக்கு. எங்க குழாயும் தொட்டியும் சுத்தமான்னு பாக்கத்தானே அவர் வர்றார்? ஊர்த் தண்ணியத்தான் பம்ப் ஹவுஸ்ல சோதிப்பாங்களே!"

"பம்ப் ஹவுஸ்ல சோதிக்கறதில்ல மேடம்" என்றாள் எக்ஸ்ரே, மெதுவாக. "தெரு முழுக்கச் சேர்த்து ஒரே ஒரு குழாய்தான். புள்ளி பதினாலு. அது உங்க குழாய். உங்க மிஷின் உப்போட சேர்த்து ஆர்சனிக்கையும் வடிகட்டிடுது."

தலைமை ஆசிரியை கணக்குப் பாடம் எடுப்பவர். விடை தானாகவே வந்துகொண்டிருந்தது, அவரால் தடுக்க முடியவில்லை.

"உங்க வீட்டுல குடிக்கறதும் மிஷின் தண்ணியா?"

"ஆமா."

"தங்கச்சி வீட்டுல மிஷின் இல்லையே, ஏன்?"

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"அவ கேட்டா. 'அக்கா, நாங்களும் ஒண்ணு வாங்கிடவா?'ன்னு ரெண்டு தடவை கேட்டா. நான்தான்... 'கவர்மென்ட் ரிப்போர்ட்டே சுத்தம்னு வருது, எதுக்குடி வீண் செலவு'ன்னு சொன்னேன். நானே எழுதின விடையை நானே நம்பி மார்க் போட்டிருக்கேன்."

ரேடியோவுக்கு நாக்கு நுனி வரை ஒரு ஜோக் வந்தது. வாழ்க்கையில் இரண்டாவது தடவையாக விழுங்கினான். வீட்டுக்காரர் அவர் தோளில் கை வைத்தார். அதற்கு அட்டவணையில் நேரம் ஒதுக்கியிருக்கவில்லை.

"மணி மூணு இருபது" என்றாள் எக்ஸ்ரே. "நான் போய்ச் சொன்னா 'ஆதாரம் எங்கே'ன்னு கேப்பாங்க. நீங்க சொன்னா ஆதாரம் கேக்க மாட்டாங்க. ஆனா ஊர் முழுக்க அங்க உக்காந்திருக்கும், அவங்க முன்னாலதான் சொல்லணும்."

"என்கிட்டப் படிச்சவங்கதான் பாதிப்பேர்" என்றார் அவர். பிறகு எழுந்து, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டார். "ஏங்க, வாசல் குழாய் நேரா தெருக் குழாய்லேர்ந்துதானே வருது? அதுல ஒரு பாட்டில் பிடிச்சுட்டு வாங்க."

*

கூட்ட அறையில் வாரியத் தலைவர் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். அந்தச் சமயத்தில் கதவு திறந்தது. ரேடியோ முதலில் உள்ளே பாய்ந்து, பழைய பழக்கத்தில், "நிறுத்துங்க!" என்று பஸ்ஸை நிறுத்துகிற குரலில் கத்தினான். தலைவர் பேனாவைக் கீழே போட்டார்.

தலைமை ஆசிரியை நடுவே நடந்து போனார். மேஜைமேல் பாட்டிலை வைத்தார்.

"உக்காருங்க டீச்சர்" என்றார் தலைவர். தலைவரும் இந்த டீச்சரிடம் படித்தவர்தான்.

"நீ உக்காரு. நான் நின்னுதான் சொல்லணும்." குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. "புள்ளி பதினாலு என் வீடு. எங்க வீட்டுத் தண்ணி ஃபெயில். ஆறு வருஷமா நான் காப்பியடிச்சுப் பாஸ் பண்ண வெச்சேன். உன்கிட்ட இருக்கற எழுபத்திரண்டு ரிப்போர்ட்டும் என் வீட்டு மிஷினோட ரிப்போர்ட். அதைக் கிழிச்சுப் போடு. தெருவுல பத்து வீட்டு வாசல் குழாயில தண்ணி பிடி. அதுவரைக்கும் ஆத்துக் குழாய் மேல ஒரு கடப்பாரை படக் கூடாது."

அறையில் சளசளப்பு எழுந்தது. மாதிரி எடுப்பவர் தலையில் கை வைத்துக்கொண்டார். யாரோ "டீச்சரா?" என்றார்கள். யாரோ சிரித்தார்கள். ஒரு அம்மா, ஏற்கெனவே இரண்டு இலவச சோப்பு வாங்கியவர், எழுந்து, "எங்க வீட்டுல முதல்ல பிடிங்க!" என்று கத்தினார். அப்புறம் ஒவ்வொருவராக எல்லோரும் எங்க வீட்டுல, எங்க வீட்டுல என்று ஆரம்பிக்க, ஒரே கல்யாண வீட்டு இரைச்சல். தலைவர் பேனாவுக்கு மூடி போட்டுவிட்டு, ஆற்றுக் குழாயை இன்றைக்கே கழுவித் திறந்துவிடச் சொன்னார்.

கடைசி வரிசையில் பெயிண்ட் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். தலைமை ஆசிரியை அவர் முன்னால் போய் நின்றார்.

"மாப்பிள்ளை, உங்களைப் போய் நான்..."

"இருக்கட்டும்கா" என்று எழுந்து, ஃபோனை நீட்டினார். "அவ லைன்ல இருக்கா. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா."

தலைமை ஆசிரியை ஃபோனைக் காதில் வைத்தார். நான்கு அடி தள்ளி நின்ற எக்ஸ்ரேவுக்கும் ரேடியோவுக்கும் மூச்சு விடவே பயமாக இருந்தது.

"அக்கா" என்றாள் தங்கை. "கோவம் இருக்கு. நிறைய இருக்கு. நாளைக்கு நேரா உன் வீட்டுக்குத்தான் வரேன், பசங்களையும் கூட்டிக்கிட்டு. உக்கார வெச்சுத் திட்டப் போறேன். திட்டித் திட்டித் தொண்டை காயும். ஒரு குடம் நல்ல தண்ணியா எடுத்து வை."

தலைமை ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஃபோனில் தெரியாது என்பதையும் மறந்து, சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார்.